யாரும் விடுபடவில்லை என்று கணினி சொன்ன நாள்

போன வாரம் நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். ஒரு பட்டியலில் இருப்பவர்களை இன்னொரு பட்டியலோடு ஒப்பிட்டு, நிபந்தனைக்குப் பொருந்துகிறவர்களை மட்டும் பிரித்தெடுக்க எது வேகமான வழி என்று. அரை மணி நேரத்தில் ஆளுக்கொரு பதில். ஒரே வரியில் முடிக்கலாம் என்றார் ஒருவர். அந்த வரியையும் சுருக்கலாம் என்றார் இன்னொருவர். நான் ஈப்போ சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு நின்றேன். படித்துப் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஓய்வு பெற்றவனை இன்னும் குழுவிலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறீர்கள். வைத்திருந்தால் இப்படித்தான், கேட்ட கேள்விக்குப் பதில் வராது, கேட்காத கதைதான் வரும்.

வேகத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் இயந்திரங்கள் கண் சிமிட்டுவதற்குள் பதில் சொல்லிவிடுகின்றன. எங்கள் காலத்தில் நிரலை ஓட விட்டுவிட்டுக் கீழே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வரலாம். எனக்கு அந்தக் காத்திருப்புதான் பிடித்திருந்தது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்தக் கோப்பி நேரத்தில்தான் நாங்கள் கொஞ்சமாவது யோசித்தோம்.

நம் அலுவலகம் இப்போது கண்ணாடிக் கட்டடத்தில், குளிர்சாதனத்தில் இருக்கிறது. நான் சேர்ந்தபோது பழைய டவுனில் ஒரு கோப்பிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மரப்படி. மழை பெய்தால் கூரைத் தகரம் போடுகிற சத்தத்தில் போன் பேச முடியாது. காலையில் கீழே கோப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை மேலே ஏறி வந்து எங்கள் சட்டை, காகிதம், கீபோர்டு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மனைவி, "ஆபீஸுக்குப் போனீங்களா, கோப்பிக்கடையிலே உட்கார்ந்திருந்தீங்களா?" என்று கேட்பாள். இரண்டும் ஒன்றுதான் என்பேன். அந்த மாடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது?

அங்கே எங்களுக்குத் தலைமை ஒரு அக்கா. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், போடவில்லை. தைப்பிங்கில் பிறந்தவர். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நானோ தோட்டத்துப் பிள்ளை. அம்மாவும் அப்பாவும் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். நான் படித்து முடிப்பதற்குள் ரப்பர் மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். எங்கள் இரண்டு பேரையும் தவிர, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மச்சான். உறவில் மச்சான் இல்லை, எல்லாருக்கும் அவன் மச்சான்தான். இப்போது லூமுட்டில் படகு இஞ்சின் கடை வைத்திருக்கிறான். கணினியை விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறேன் என்கிறான். அவன் அதை விட்ட நாளில் கணினியும் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கும்.

முதலில் அவன் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் மற்றது புரியாது.

கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலைக்கு நாங்கள் மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். தீபாவளி வந்தது. லீவு கேட்டவர்கள் ஒரு பட்டியல், மொத்தத் தொழிலாளர்கள் ஒரு பட்டியல். மொத்தத்திலிருந்து லீவு கேட்டவர்களைக் கழித்துவிட்டு, மீதிப் பேருக்கு "காலை ஏழு மணிக்கு வேலைக்கு வரவும்" என்று செய்தி அனுப்ப வேண்டும். மச்சான் அழகாக எழுதினான், ஒரே வரி. ஆனால் லீவுப் பட்டியல் இன்னும் ஏற்றப்படவில்லை. வெறும் பட்டியலில் யார்தான் இருப்பார்கள்? ஒருவரும் லீவு கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்ட கணினி, தொழிற்சாலை முழுவதற்கும் செய்தி அனுப்பிவிட்டது. தீபாவளி அன்று விடியற்காலையில் எண்ணெய் தேய்த்த தலையோடு அத்தனை பேரும் தொழிற்சாலைக்குப் போன் அடித்தார்கள். ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் மட்டும் போன் அடிக்கவில்லை. புதுச் சட்டையோடு, கையில் ஒரு டின் முறுக்கோடு நேராக வேலைக்கே வந்து நின்றுவிட்டார். அந்த மனுஷனை நினைத்து நாங்கள் பல வருஷம் சிரித்தோம், பல வருஷம் வெட்கப்பட்டோம்.

அக்கா திட்டவில்லை. மறுநாள் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஓட்டுறதுக்கு முன்னே, எத்தனை பேரு வருவாங்கன்னு நெனச்சே?"

"நெனைக்கலக்கா."

"அதான்."

அன்றிலிருந்து எங்கள் மாடியில் ஒரு பழக்கம் வந்தது. எந்த வடிகட்டலையும் ஓட்டுவதற்கு முன்னால், எத்தனை பேர் வருவார்கள் என்று ஆளுக்கொரு எண்ணை வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும். பிறகுதான் பட்டனைத் தட்டலாம். யாருடைய எண் ரொம்பத் தள்ளிப் போகிறதோ அவர் எல்லாருக்கும் கோப்பி வாங்க வேண்டும். பெரும்பாலும் மச்சான் வாங்கினான். புதிதாக வந்தவர்கள் இதை விளையாட்டு என்று நினைத்தார்கள். விளையாட்டுத்தான். ஆனால் எண்ணை எழுத வேண்டுமென்றால், அந்தப் பட்டியலில் இருக்கிற மனுஷர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாக வேண்டும். அக்காவுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இனி வெள்ளத்து நாளுக்கு வருகிறேன்.

ஆயர் தாவார் போகிற பக்கம் உள்ளே தள்ளி ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது செம்பனை. ஆனாலும் பழைய லயத்து வரிசை வீடுகளில் இன்னும் நம் ஆட்கள் இருந்தார்கள். பிள்ளைகள் ஈப்போவுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போய்விட, வயதானவர்கள் மாடு, ஆடு, கொஞ்சம் காய்கறி என்று அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த வருஷம் மழை விடாமல் கொட்டியது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் வந்துவிட்டது. தீயணைப்புப் படையான போம்பா ஆட்கள் படகில் போய்ச் சனங்களை ஏற்றி வந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சேர்த்தார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரியாமல் ஒரே குழப்பம். அக்காவுக்குத் தெரிந்த ஒருவர் போன் செய்தார். அக்கா எங்கள் பக்கம் திரும்பி, "லேப்டாப்பை எடுங்க. போலாம்," என்றார். அவ்வளவுதான்.

மண்டபத்தில் ஈரத் துணி, டெட்டால், மேகி மீ வாசனை. மூன்று லேப்டாப்பை வரிசையாக வைத்தோம். தோட்ட அலுவலகத்துக் கிராணி லயத்தில் குடியிருப்பவர்கள் எல்லாருடைய பெயரும் உள்ள பட்டியலை அனுப்பியிருந்தார். அது ஒரு பக்கம். மண்டபத்துக்கு வருகிறவர்களைப் பதிந்துகொள்வது இன்னொரு பக்கம். முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவர்கள்தான் தேட வேண்டியவர்கள்.

எதை வைத்துப் பொருத்துவது? பாதிப் பேரிடம் அடையாள அட்டையான ஐசி இல்லை, வீட்டோடு தண்ணீரில் கிடந்தது. வீட்டு எண் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கோயில் பக்கத்து லயம், கிணற்று லயம் என்றுதான் சொன்னார்கள். பெயர் மட்டும் போதாது, அந்த ஒரு தோட்டத்திலேயே பல லெட்சுமிகள் இருந்தார்கள். அதனால் சொந்தப் பெயர், வீட்டுத் தலைவர் பெயர் என்று இரண்டையும் கேட்டுப் பதிந்தோம். பெயரைத் தட்டி எழுத வேண்டியதில்லை, கிராணியின் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம். இரண்டு பெயரையும் ஒட்டினால் ஒரே அடையாளமாகிவிடும். ஒப்பிடுகிற வரியை அக்காவே எழுதினார்.

சாயங்காலம் கடைசிப் படகும் வந்து சேர்ந்தது. மழை கொஞ்சம் விட்டிருந்தது, வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. பொறுப்பிலிருந்த அதிகாரி எங்கள் மேசைக்கு வந்து நின்றார். மலாய்க்காரர், இரண்டு நாளாகத் தூங்காத முகம். ஆற்றுக்குக் கீழே ஒரு கம்போங் கிராமத்தில் சிலர் சூராவ் தொழுகைக்கூடத்தின் மேல்மாடியில் ஏறி நிற்கிறார்களாம். தோட்டத்தில் ஆள் பாக்கி இல்லையென்றால் படகை உடனே அங்கே அனுப்ப வேண்டும்.

அக்கா பட்டனைத் தட்டினார். பதில் வந்தது. ஒருவரும் இல்லை. திரை சுத்தமாக இருந்தது.

பக்கத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். மச்சான் எழுந்தே விட்டான். அதிகாரி, "செமுவா செலாமாட்?" என்று கேட்டார், எல்லாரும் பத்திரமா என்று. அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது எனக்கும் ஆமாம் என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது.

அக்கா மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"எத்தனை வரும்னு நெனச்சே?"

அந்த அவசரத்தில் நாங்கள் யாரும் எண் எழுதவில்லை. ஆனால் கேட்டவுடனே பதில் என் வாயில் இருந்தது. "ஒரு பத்துப் பேராவது வரணும்க்கா. காலையிலேயே சில குடும்பம் சித்தியவான்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. அவங்க யாரும் இங்கே பதியலையே."

"அப்போ அவங்களாவது வந்திருக்கணும்ல?"

"வந்திருக்கணும்க்கா."

"வரலை. அப்படின்னா இது பதில் இல்லை லா."

அக்கா எழுந்து அதிகாரிக்கு நேராக நின்றார். ஐந்தடி உயரம்கூட இருக்க மாட்டார். மலாயில் நிதானமாகச் சொன்னார். தோட்டத்தில் ஆள் இல்லை என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன், கொஞ்ச நேரம் படகை நிறுத்துங்கள் என்றார். அதிகாரி கோபப்பட்டார். இப்போதுதானே இல்லை என்று வந்தது, அங்கே சனங்கள் காத்திருக்கிறார்கள் என்றார். நியாயமான கோபம். படகு ஒன்றுதான் இருந்தது. அக்கா, "எழுதினது நான். தப்பா இருந்தா பழி எனக்கு," என்றார். அந்த மனிதர் ஒரு கணம் அக்காவைப் பார்த்தார். பிறகு வாக்கி டாக்கியில் கம்போங்கைக் கூப்பிட்டுக் கேட்டார். மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை, பொறுத்திருக்க முடியும் என்று பதில் வந்தது. படகை நிறுத்தினார்.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். வருகைப் பட்டியலில் எங்கோ ஒரு கட்டம் காலியாக இருந்திருக்கிறது. காலியாக உள்ள கட்டத்தோடு எதை ஒட்டினாலும் மொத்தமும் காலியாகிவிடும். அப்படி ஒரு வெற்றிடம் உள்ளே இருக்கும்போது "இந்தப் பட்டியலில் இல்லாதவர் யார்?" என்று கேட்டால் கணினி ஒருவரையும் காட்டாது. யார் என்று தெரியாத ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் தேடுகிற ஆள் அவராகவே இருக்கலாம் அல்லவா? அதனால் அது யாரையும் இல்லை என்று அடித்துச் சொல்லாது. யோசித்துப் பார்த்தால் அது நம்மைவிட நேர்மையானது. பேசத்தான் தெரியவில்லை.

காலியான கட்டத்தைத் தேடினேன். ஒன்றே ஒன்று. சொந்தப் பெயர் லெட்சுமி. வீட்டுத் தலைவர் பெயர் இல்லை.

பதிந்தவர் ஈப்போவில் வங்கி ஒன்றில் வேலை பார்க்கும் சீனப் பெண், உதவிக்கு வந்தவர். அவரிடம் கேட்டேன். "புருஷன் பெயரை இரண்டு மூன்று முறை கேட்டேன், அந்த அம்மா சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், பின்னால் வரிசை நீண்டுவிட்டது, அப்புறம் கேட்கலாம் என்று விட்டேன்" என்றார். பாவம், அவர் மேல் என்ன தப்பு?

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் அம்மா ஒரு நாளும் அப்பாவின் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவார், நான்தான் சொல்ல வேண்டும். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்த பெண்கள் அவர்கள். நாங்கள் மண்டபம் முழுக்கத் தலைவர் பெயர், தலைவர் பெயர் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். மற்ற பெண்களுக்கு மகனோ மருமகளோ பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறார்கள். இந்த லெட்சுமி தனியாக வந்திருக்கிறார்.

வாசற்படி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கொடுத்த துண்டைப் போர்த்திக்கொள்ளாமல் மடியில் வைத்திருந்தார், கண் படகு வந்து நிற்கிற கேட்டைப் பார்த்தபடி இருந்தது. நான் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் எங்கே?"

சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அவங்க வரலை தம்பி. எத்தனை பேருகிட்ட சொல்லிட்டேன், அவங்க வரலை, அவங்க வரலைன்னு. யாரு வரலைன்னு கேக்குறாங்க. அவங்கதான்ங்கிறேன். எந்த அவங்கன்னு கேக்குறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

"எங்கே இருக்காரும்மா?"

"கோயில் பக்கத்து லயத்துலதான். மாட்டை அவுத்து விட்டுட்டு அடுத்த போட்ல வாரேன்னாங்க. என்னை ஏத்தி விட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. அடுத்த போட்டும் வந்துருச்சு, அதுக்கு அடுத்ததும் வந்துருச்சு. அவங்களைக் காணோமே தம்பி."

"பேரு சொல்லுங்கம்மா. போம்பா ஆளுங்க போய்க் கூப்பிடணும்ல."

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் அவரைக் கோபிக்கவில்லை. உயிர் போகிற நேரத்திலும் சொல்ல முடியாத ஒன்று ஒருவருக்கு இருந்தால், அதை நாம் பிடுங்கப் பார்க்கக்கூடாது, சுற்றி வந்துதான் எடுக்க வேண்டும். மேசையைப் பார்த்துக் கத்தினேன். "அக்கா, காலிக் கட்டத்தை ஒதுக்கிட்டு ஓட்டுங்க!"

திரையில் பெயர்கள் வந்து விழுந்தன. சித்தியவான் போன குடும்பங்கள் எல்லாம் இருந்தன. இந்த லெட்சுமியும் இருந்தார், அவர் பதிவைத்தான் ஒதுக்கியிருந்தோமே. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார் அக்கா. வீட்டுத் தலைவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"ஆறுமுகமா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"சின்னையாவா?"

இல்லை.

"மாரிமுத்துவா?"

லெட்சுமியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. ஆமாம் என்று ஒரே ஒரு தலையசைப்பு.

நான் வாசலைத் தாண்டி ஓடினேன். "மாரிமுத்து! கோயில் பக்கத்து லயம், மாட்டுக் கொட்டாய்!" படகு கிளம்பியது. அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டியலில் மீதியிருந்த பெயர்களை மச்சான் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போன் போட்டு, சித்தியவானில் இருக்கிறார்கள் என்று உறுதி செய்தான். அன்றைக்கு அவன் ஒரு தப்பும் செய்யவில்லை, அதையும் எழுதிவிட வேண்டும்.

இதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். ஒருவரும் இல்லை என்று கணினி சொன்னால் முதலில் சந்தேகப்படுங்கள். காலியான கட்டம் எதனால் காலியாக இருக்கிறது என்று எழுந்து போய்க் கேளுங்கள், பெரும்பாலும் அங்கே ஒரு ஆள் இருப்பார். தெரியாது என்று அதிகாரத்துக்கு முன்னால் சொல்லப் பழகுங்கள். அக்கா அன்றைக்கு அதைச் சொல்லியிராவிட்டால் எங்கள் வரியும் உங்கள் வரியும் எத்தனை சின்னதாக இருந்து என்ன பயன்? அக்கா இப்போது தைப்பிங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம், பழைய ஆட்கள் எல்லாரும் பார்க்க வருகிறோம் என்று போன் செய்தேன். "எத்தனை பேரு வருவாங்கன்னு நெனைக்கிறே?" என்று கேட்டார்.

அன்றைக்குப் படகு திரும்பி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தோட்டத்துக்குப் போய்விட்டுக் கம்போங்கையும் பார்த்து, அங்கிருந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லார் மேலும் ஒரே பெரிய தார்பாய், அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. அதிகாரி டார்ச்சை அடித்துக்கொண்டு பெயர் கேட்கத் தயாரானார். மண்டபத்து ஆட்கள் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

லெட்சுமியம்மா எங்களையெல்லாம் விலக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினார். முழங்கால் தண்ணீரில் நின்று, அந்தச் சின்ன உடம்பில் இருந்த அத்தனை சத்தத்தையும் கூட்டி ஒரே ஒரு முறை கூப்பிட்டார்.

"ஏங்க!"

என் பக்கத்தில் நின்ற புருஷன்மார் எல்லாரும் பழக்க தோஷத்தில் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பினேன். தார்பாய்க்கு அடியிலிருந்து ஒரு கன்றுக்குட்டி தலையை நீட்டியது. அதற்குப் பின்னாலிருந்து ஒருவர் மட்டும் பதில் சொன்னார்.

"இந்தா வந்துட்டேன் லா, கத்தாதே!"